ஏரி எதிரில், கையில் 40 கேலன்: லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் குடும்பத்தோடு ஆர்வி தங்கல்

மிச்சிகன் மாநிலத்தின் மேற்குக் கரையில் எம்-116 சாலை போய் முடிகிற இடம் லடிங்டன் ஸ்டேட் பார்க். மேற்கே மிச்சிகன் ஏரி. எதிர்க்கரை தெரியாது, கடல் மாதிரியே அலையடிக்கும். கிழக்கே ஹாம்லின் ஏரி. அணை கட்டித் தேக்கிய ஏரி என்பதால் ஓரங்களில் ஆழம் குறைவு, வெயில் பட்டால் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். நடுவே மணல்மேடுகளும் பைன் காடும், ஒரு ஏரியிலிருந்து மற்றதற்கு ஓடுகிற பிக் சேபிள் ஆறும். இப்படித் திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் இருக்கும் இடத்தில், ஆர்வியோடு, அதாவது படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள வீட்டு வண்டியோடு, போய்த் தங்கும் குடும்பங்கள் திண்டாடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

மிச்சிகனின் ஸ்டேட் பார்க்குகளில் பெரும்பாலான ஆர்வி இடங்களுக்கு மின்சாரம் மட்டுமே உண்டு. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வண்டி நிற்கும் இடம்வரை வருவதில்லை. தனியார் முகாம்களில் மூன்றும் சேர்ந்த 'ஃபுல் ஹூக்கப்' பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்து வந்து, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்து ஏமாறுகிறார்கள். வண்டியின் டேங்கில் கொண்டுவந்த தண்ணீர்தான் தண்ணீர். கழிவும் கிளம்பும் வரை வண்டியிலேயே இருக்கும்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று எண்கள்: நல்ல தண்ணீர் டேங்க் எத்தனை கேலன், கைகழுவும் தொட்டி, சமையல் தொட்டி, ஷவர் மூன்றின் தண்ணீரும் சேரும் கிரே டேங்க் எத்தனை, கழிவறையின் பிளாக் டேங்க் எத்தனை. வாடகைக்கு எடுக்கும் வண்டியானால் முன்பதிவுக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். 25 அடி வண்டியில் நல்ல தண்ணீர் 40, கிரே 30, பிளாக் 30 என்பது வழக்கமான அளவு. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி என ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைப் பாத்திரம் கழுவ, சிக்கனமாகக் கழுவினாலே, 3 கேலன். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு காலை வரை ஐந்து வேளைக்கு 15 கேலன். கைகால் கழுவ, பல் துலக்க 10. கழிவறைக்கு நாளுக்கு 7 வீதம் 14. அவ்வளவுதான், டேங்க் காலி. குளியல் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. வண்டியின் ஷவரில் ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால் 8 முதல் 10 கேலன் போகும். ஐந்து பேர் குளித்தால் ஒரு காலையிலேயே கிரே டேங்க் நிரம்பி, ஷவரின் அடித்தட்டில் அழுக்குத் தண்ணீர் மேலேறி நிற்கும். குளியலைப் பூங்காவின் பொதுக் குளியலறைக்கு மாற்றுவது ஒன்றே வழி. வெந்நீர் வரும், சுத்தமாகவும் இருக்கும். காலை 9 மணிக்கு வரிசை. மதியம் 3 மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஏரியிலிருந்து வந்த கையோடு எல்லாரும் குளித்துவிட்டு வண்டிக்குத் திரும்பினால் மணலும் உள்ளே வராது.

தண்ணீரை வீட்டிலேயே நிரப்புவதா, பூங்காவில் நிரப்புவதா என்று பலர் கேட்பதுண்டு. ஒரு கேலன் 8.3 பவுண்ட். 40 கேலன் என்றால் 332 பவுண்ட். டிரெய்லர் இழுப்பவர்கள் வழிக்கு ஐந்து கேலன் வைத்துக்கொண்டு மீதியைப் பூங்காவில் நிரப்புவது நல்லது. கழிவு டேங்குகளைக் காலிசெய்யும் இடமான டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய் தனியாக இருக்கும். அங்கேயே கழிவுக் குழாயை அலசுவதற்கான இன்னொரு குழாயும் இருக்கும், அது குடிக்க உதவாது என்று பலகை வைத்திருப்பார்கள். அவசரத்தில் இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. குடிதண்ணீருக்கென்று விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸை மட்டும் பயன்படுத்துங்கள். தோட்டத்துப் பச்சை ஹோஸில் வரும் தண்ணீரில் ரப்பர் வாடை வரும், அந்த வாடை சோறுவரைக்கும் போகும். நிரப்பிய பிறகுதான் உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். கூடாரத்தை விரித்து, வண்டியைச் சமன்செய்து, ஸ்லைடை (வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) வெளியே தள்ளிய பிறகு தண்ணீர் ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் மடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அப்படி நேர்ந்துவிட்டால் ஆறு கேலன் கேன் ஒன்றும் நீளமான புனலும் கைகொடுக்கும். வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் நிரப்புவாய் வழியாக ஊற்றிக்கொள்ளலாம்.

குளிர்காலம் முழுதும் நின்ற வண்டியானால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டேங்கைச் சுத்தப்படுத்த வேண்டும். 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச். 40 கேலன் டேங்குக்கு முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு. அதை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுதும் வைத்திருந்து வடித்துவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலச வேண்டும்.

இங்கே வாட்டர் ஹீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குளிர்காலத்துக்கு மூடிவைக்கும்போது ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பியிருப்பார்கள். கோடையில் அதைத் திரும்பத் திறக்க மறந்து மின் சுவிட்சைப் போட்டால் காலி டேங்குக்குள் ஹீட்டிங் எலிமென்ட் கண்சிமிட்டும் நேரத்தில் கருகிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று விட்டுவிட்டுத் துப்புவது நின்று, தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே சுவிட்சில் கை வைக்கலாம். வாடகை வண்டியில் இந்தத் தவறு உங்கள் முன்பணத்திலிருந்து கழியும்.

கழிவறை விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் உண்மையில் நல்லது. பிளாக் டேங்கின் முதல் எதிரி தண்ணீர்க் குறைவு. காகிதம் மட்டும் பயன்படுத்தி ஒரு சொட்டுத் தண்ணீரில் அலசிவிடுகிறவர்கள் வண்டியில் திடக்கழிவு குழாய்க்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். பிறகு அதைக் கரைத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சொம்போ கைப்பிடி ஸ்பிரேயோ பயன்படுத்தும் வீட்டில் அந்தத் தொல்லை வருவது அரிது. பதிலுக்கு டேங்க் சீக்கிரம் நிறையும். ஐந்து பேருக்கு 30 கேலன் இரண்டு நாளைக்குச் சரியாக இருக்கும், மூன்றாம் நாளுக்குத் தாங்காது. பகலில் பூங்காவின் கழிவறை, இரவில் மட்டும் வண்டி என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் ஓட்டலாம். தொடங்கும்போது டேங்கில் இரண்டு கேலன் தண்ணீரும் மருந்துப் பாக்கெட் ஒன்றும் போட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈரத் துணித்தாள் எதையும், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே போடக் கூடாது. அலசும்போது கூரை விசிறி ஓடிக்கொண்டிருந்தால் டேங்கின் நாற்றத்தை அது வண்டிக்குள் இழுத்துவிடும்; முதலில் விசிறியை நிறுத்துங்கள். டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்குகளை முழுதாக நம்ப வேண்டாம். உள்ளே சென்சாரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலி டேங்கும் நிறைந்ததாகவே காட்டும்.

கிரே டேங்குக்கு எதிரி நம் சமையல். சாம்பாரின் பருப்பு, புளிச்சக்கை, கறிவேப்பிலை, எண்ணெய் எல்லாம் தொட்டி வழியே இறங்கினால் மூன்றாம் நாள் வண்டிக்குள் நிற்க முடியாது. தட்டையும் பாத்திரத்தையும் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டே தண்ணீரில் நனையுங்கள். வெளியே மேசையில் இரண்டு பேசின் வைத்து, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசும் தண்ணீர் என்று கழுவினால் 3 கேலன் 2 ஆகும். அந்தப் பேசின் தண்ணீரை மரத்தடியில் கொட்டலாம் என்று தோன்றும். கொட்டக் கூடாது, பூங்கா விதி மட்டுமல்ல, ரக்கூன்களுக்கு அதுவே விருந்தழைப்பு. டம்ப் ஸ்டேஷனில்தான் கொட்ட வேண்டும். தங்கல் நான்கு நாளுக்கு மேல் என்றால் சக்கரம் வைத்த டோட் டேங்க் ஒன்று, 15 கேலன் அளவில், வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிரே தண்ணீரை அதில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வரலாம், வண்டியை அசைக்க வேண்டாம்.

தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். சின்ன இடம், தாழ்ந்த கூரை. மிளகாய் கிள்ளிப்போட்ட அடுத்த நொடி புகை அலாரம் கத்தும், மெத்தையிலும் திரையிலும் எண்ணெய் வாடை குடியேறிவிடும். இரண்டு பர்னர் கேம்ப் அடுப்பை வெளியே மேசையில், ஏரிக்காற்றுக்கு முதுகு காட்டி வைத்தால் தோசைக்கல்கூட நன்றாகக் காயும். மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து எடுத்துப் போங்கள். ஜூன் மாதத்திலும் இங்கே இரவில் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்குவது சாதாரணம், மாவு பொங்காது. முதல் நாள் இரவுக்குப் புளியோதரையும் தயிர்சோறும் கட்டிப் போனால் பாத்திரமும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரம் என்பதால் குக்கர் விசிலை எட்டு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இடம் இருபதடித் தூரம்தான்.

மின்சாரத்தில் நினைவில் வைக்க வேண்டியது 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டுக்கு அது 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது 13 ஆம்ப் எடுக்கும். மைக்ரோவேவ் 13. வாட்டர் ஹீட்டரின் மின் எலிமென்ட் 12. இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. மிக்ஸி 6, ரைஸ் குக்கர் 6. இதோடு ஃபிரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் எப்போதும் ஆறேழு ஆம்ப் எடுத்துக்கொண்டிருக்கும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவைத் தொட்டால் 30-ஐத் தாண்டிவிடும், பிரேக்கர் விழும். வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிடுவது முதல் வேலை. 12 ஆம்ப் அப்படியே கையில் மிஞ்சும். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் ஏசியை நிறுத்தினால் யாருக்கும் வேர்க்காது.

இணைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கம்பத்தில் இருக்கும் பிரேக்கரை முதலில் கீழே தள்ளுங்கள். மின் ஏற்றத்தாழ்விலிருந்து வண்டியைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டரைச் செருகி, பிரேக்கரைப் போட்டு, வயரிங் சரி என்று விளக்கு காட்டுகிறதா பாருங்கள். பிறகு பிரேக்கரை மறுபடி இறக்கி, வண்டியின் வயரைச் செருகி, கடைசியாகப் போடுங்கள். மின்சாரம் ஓடும் சாக்கெட்டில் செருகினால் பொறி தெறித்து பிளக்கின் தகடு கருகும். கருகிய தகடு அடுத்த இடத்தில் இன்னும் சூடாகும். வெயில் கொளுத்தும் சனிக்கிழமை மாலை எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 104-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள், கம்ப்ரெஸர் தாங்காது. சில இடங்களில் மின்கம்பம் வண்டியிலிருந்து தள்ளி இருக்கும். 25 அடி 30 ஆம்ப் நீட்டிப்பு வயர் வாங்கி வைத்திருங்கள். வீட்டு ஆரஞ்சு வயர் அந்தச் சுமையில் உருகும்.

இடம் பிடிப்பது தனிக் கலை. வந்து சேரும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு, கிழக்கு நேரம் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலை வெள்ளிக்கிழமைக்கு ஜனவரியில் எட்டு மணிக்குக் காத்திருந்தாலும் பலருக்குக் கிடைப்பதில்லை. புதன்கிழமையே வந்து சேர்வதாகப் பதிந்தவர்கள் உங்களுக்கு இரண்டு நாள் முன்பே அந்த வார இறுதியை எடுத்துவிட்டிருப்பார்கள் என்பதுதான் காரணம். ஞாயிறு முதல் வியாழன் வரை என்றால் கிடைக்கும். லேபர் டே கழிந்த செப்டம்பர் இன்னும் மேல்: ஏரித் தண்ணீர் ஆகஸ்ட் வெப்பத்தை விட்டிருக்காது, கொசு குறைந்திருக்கும். பள்ளி தொடங்கிவிடும் என்பது ஒன்றே குறை. அக்டோபர் நடுவுக்குப் பிறகு போவதானால் குளியலறையும் தண்ணீர்க் குழாயும் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள், உறைபனிக்கு முன்பே மூடிவிடுவார்கள்.

பைன்ஸ், சீடர், பீச்வுட் என்று ஆர்வி போகக்கூடிய முகாம்கள் மூன்று. ஜாக் பைன் நடந்து போகிறவர்களுக்கானது. மிச்சிகன் ஏரிக்கும் கலங்கரை விளக்கப் பாதைக்கும் பைன்ஸ் பக்கம். ஹாம்லின் ஏரிக்கு பீச்வுட். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பீச்வுட் என்பது எங்கள் தேர்வு. படத்தில் இடத்தைப் பார்க்கும்போது கழிவறைக்கு நேர் பக்கத்தில் எடுக்காதீர்கள், இரவெல்லாம் விளக்கும் கதவுச் சத்தமும் இருக்கும். வயதானவர்கள் இருந்தால் 200 அடிக்கு மேல் தள்ளியும் வேண்டாம். இடத்தின் நீளம் உங்கள் வண்டிக்கும் இழுக்கும் காருக்கும் சேர்த்துப் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் இழுக்கத் திட்டமிடுகிறவர்கள் காரின் இழுதிறன் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். சியென்னா, ஒடிஸி போன்ற மினிவேன்களுக்கு 3,500 பவுண்ட், அதற்குள் மடக்கு டிரெய்லர்தான் வரும். 5,000 பவுண்ட் இழுக்கும் எஸ்யூவியில் டிரெய்லரைப் பூட்டும் கொக்கியான ஹிட்ச் மேல் இறங்கக்கூடிய எடை வழக்கமாக 500 பவுண்ட்தான். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சில் இறங்க வேண்டும், குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். 12 சதவீதம் வைத்துப் பார்த்தால் சுமையேற்றிய 4,200 பவுண்ட் டிரெய்லருக்கே அந்த 500 தீர்ந்துவிடுகிறது. அதோடு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று இருக்கும்; ஐந்து பேரும் ஹிட்ச் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். சுமையேற்றிய டிரெய்லரின் எடையை நெடுஞ்சாலை லாரி நிலையத்தில் எடைபோட்டே தெரிந்துகொள்ளலாம். விளம்பரத்தில் போடும் எடை காலி வண்டியின் எடை.

ஐந்து பேர், அதில் ஒருவர் பாட்டி என்றால் வாடகை கிளாஸ் சி மோட்டார்ஹோம் (கார் இழுக்க வேண்டாத, தானே ஓடும் வீட்டு வண்டி) சுலபம். சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். உயரம் 11 அடி, 12 அடி இருக்கும். எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். காபி கடை டிரைவ்-த்ரூ பக்கம் போகவே வேண்டாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீண்டிருப்பதால், பெட்ரோல் பம்பிலிருந்து சட்டென்று திருப்பினால் வால் எதிர்ப்பக்கம் வீசி பம்பை இடிக்கும். வால் பம்பைத் தாண்டும்வரை நேராக முன்னே போய்விட்டே திருப்ப வேண்டும். பம்புக்குள் நுழையும் முன் ஃபிரிட்ஜின் கேஸ் சுடரை அணைத்திருக்க வேண்டும். பிள்ளைகளின் கார் சீட் முன்னோக்கிய பெல்ட் உள்ள இருக்கையில் மட்டும். பக்கவாட்டு சோஃபாவில் பெல்ட் இருந்தாலும் அங்கே கட்டக் கூடாது. டெட்ராய்ட் பக்கமிருந்து சுமார் 250 மைல். காரில் நான்கு மணி நேரம் என்றால் இதில் ஐந்து.

வந்து நின்றதும் செய்யும் வேலைகளுக்கு வரிசை உண்டு. முதலில் இறங்கி நடந்து பாருங்கள்: மேலே கிளை, ஓரத்தில் மேசை, மின்கம்பம், ஸ்லைடு வெளியே வரும் பக்கம் என்ன இருக்கிறது. பின்னால் எடுக்கும்போது வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். மறைந்துவிட்டால் வண்டி நிற்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். முதலில் இடவலம் சமன், தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகைக் கட்டைகள். அதன்பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. அதன்பின்தான் ஹிட்சைக் கழற்றி முன்பின் சமன். மூலைகளில் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே, அவற்றால் வண்டியைத் தூக்க முயன்றால் வளைந்துவிடும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜுக்குச் சமன் மிக முக்கியம், சாய்ந்து நின்றால் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும்.

வண்டியின் படி உயரம். பாட்டிக்காக மடக்கு மேடைப்படி ஒன்று வாங்கி வையுங்கள், இரவில் வழிக்கு ஆளசைவில் எரியும் சின்ன விளக்கு ஒன்றும். பெரிய கட்டிலை அவருக்கே கொடுங்கள். மேசையை மடக்கி வரும் படுக்கையில் எழுந்து உட்காரவே சிரமப்படுவார். குளிருக்கு ஃபர்னஸ் போடலாம், ஆனால் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது, பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு வராதீர்கள். எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2002-இல் தென்கிழக்கு மிச்சிகனில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. அது ஊர் ஊராகப் போனதில் முகாம் விறகுக்குப் பெரிய பங்கு. பூங்காவின் பக்கத்திலேயே, வெப்பமூட்டியது என்று முத்திரையிட்ட கட்டை கிடைக்கும்.

இனி ஏரி. மிச்சிகன் ஸ்டேட் பார்க் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது, கொடி மட்டும்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு. இரட்டைச் சிவப்பு பறந்தால் தண்ணீரில் இறங்கவே தடை, மீறினால் அபராதம். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ளிழுக்கும் நீரோட்டம் உருவாகும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்து, மூச்சை நிலைப்படுத்தி, கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். கிழக்குக் காற்று நாளில் ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும். அதுவும் பிள்ளைகளுக்கு ஆபத்தான நாள்தான்: காற்றடைத்த மிதவையில் படுத்திருக்கும் குழந்தையைக் காற்று சத்தமில்லாமல் ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போகும். மிதவையைத் துரத்தி நீந்துகிற பெரியவர்தான் பெரும்பாலும் சிக்குவார். மிச்சிகன் ஏரியில் மிதவை வேண்டவே வேண்டாம். அதை ஹாம்லின் ஏரிக்கும் பிக் சேபிள் ஆற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் கடலோரக் காவல்படை ஒப்புதல் பெற்ற லைஃப் ஜாக்கெட்டோடு. கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான், பாதுகாப்பல்ல. நேற்று வெதுவெதுப்பாக இருந்த பெரிய ஏரி இன்று பற்களைக் கிட்டவைக்கும் குளிராக இருக்கலாம். கரையிலிருந்து வீசும் காற்று மேல்தண்ணீரை விலக்கிவிட்டு அடித்தண்ணீரை மேலே கொண்டுவந்திருக்கும். ஹாம்லின் ஏரியில் நடுக்கோடையில் தோல் அரிப்பு வருவதுண்டு. நீர்ப்பறவைக்கும் நத்தைக்கும் இடையே வாழும் ஒட்டுண்ணி தோலில் நுழைவதால் வருவது. கரையேறியதும் தானாகக் காயவிடாமல் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெருமளவு தப்பலாம்.

கணுக்காலைக் கடிக்கும் ஈ ஒன்று மிச்சிகன் ஏரிக்கரையில் உண்டு. கரையிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் கூட்டமாக வரும், கொசு மருந்துக்கு அஞ்சாது. நீளச் சாக்ஸ் போடுங்கள், அல்லது அன்று ஹாம்லின் பக்கம் போய்விடுங்கள். மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னும் உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

ஒரு காலையை பிக் சேபிள் பாயின்ட் கலங்கரை விளக்கத்துக்குக் கொடுங்கள். பைன்ஸிலிருந்து ஒரு வழி 1.8 மைல், கார் போகாது, வழியில் நிழல் குறைவு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்ட்ரோலர் என்றால் பெரிய சக்கரம் வைத்தது. 112 அடி உயரம், 1867-இல் விளக்கேற்றியது. செங்கல் கோபுரம் காற்றிலும் மணலிலும் அரிபட்டதால் 1900-இல் அதைச் சுற்றி இரும்புத் தகடு போர்த்தினார்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். பிள்ளைகள் மணல்மேட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் அமைதி நேரம் தொடங்கிவிடும் என்பதால் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள். படுக்கும் முன் வெயில் மறைப்புத் துணியைச் சுருட்டிவிட வேண்டும். நள்ளிரவில் ஏரியிலிருந்து வரும் காற்று அதைக் கையோடு பிய்த்துக்கொண்டு போகும்.

ஞாயிறு காலை 11 முதல் 1 மணிவரை டம்ப் ஸ்டேஷனில் வரிசை ஒரு மணி நேரம் நிற்கும். எட்டரைக்கே போய்விட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. கையுறை மாட்டி, மூன்று அங்குலக் குழாயை வண்டியில் பூட்டி, மறுமுனையைத் தரைத்துளையில் செருகி, மேலே ஒரு கல்லை வைத்த பிறகு பிளாக் வால்வைத் திறங்கள். ஓட்டம் நின்றதும் கழிவறை வழியே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை. அதை மூடிவிட்டு கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். இந்த வரிசையை மாற்றினால் நாற்றமடிக்கும் குழாயோடு 250 மைல் போக வேண்டிவரும். கிளம்புமுன் ஸ்லைடு, படி, கூரைத் துவாரம், ஃபிரிட்ஜ் கதவுத் தாழ், கேஸ் சிலிண்டர், டிரெய்லரானால் சங்கிலியும் பிரேக் விளக்கும் என்று ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பாருங்கள். முதல் 50 மைலில் நிறுத்திச் சக்கர நட்டுகளை, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் நல்ல தண்ணீர் டேங்கில் மிச்சமிருப்பதை அன்றே வடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஸ்லைடின் ரப்பர் ஓரத்தில் ஏரி மணல் சிக்கியிருக்கும். அதைத் தூரிகையால் தட்டி எடுத்த பிறகே அடுத்த முறை உள்ளே இழுக்க வேண்டும்.